பன்னிரண்டு மணி எட்டு நிமிடம்

இந்த எபிசோட் முடியுற வரைக்கும் ஒரு நேரத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பகல் 12 மணி 8 நிமிடம்.

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. நான் திருவொற்றியூர்ல எங்க ஆயா வீட்டுல இருந்தேன். நவம்பர் மழையில ஊறின சுவரு இன்னும் காயாத நேரம். டிவியில ஏதோ சீரியல் ஓடிக்கிட்டு இருந்தது. கீழே சிவப்புப் பட்டையில ஒரு வரி வந்தது: குன்னூர் அருகே ராணுவ ஹெலிகாப்டர் விபத்து. கொஞ்ச நேரத்துல சீரியலே நின்னுபோச்சு. மரங்களுக்கு நடுவுல தீ, புகை, ஓடிவர்ற ஊர்க்காரங்க. உள்ளே முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் இருந்தார்னு சொன்னாங்க.

ஆயாவுக்கு அவர் யாருன்னு தெரியாது. "பெரிய போலீசா?"ன்னு கேட்டாங்க. "மிலிட்டரிக்கே பெரியவர் ஆயா"ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் டிவியை அணைக்க விடல. அன்னைக்கும் மறுநாளும் அதே செய்தியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் அவங்க கேட்ட ஒரு கேள்விதான் இந்த எபிசோடுக்கே காரணம். அதுக்கு வர்றேன். முதல்ல என்ன நடந்ததுன்னு பார்த்துடலாம்.

மலையடிவாரத்தில் இருந்து இருபது நிமிடம்

கோயம்புத்தூர் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளம். அங்கிருந்து நீலகிரியில் இருக்கும் வெலிங்டனுக்குப் பயணம். வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியில் ராவத் உரையாற்ற வேண்டும். ஹெலிகாப்டர் ரஷ்யத் தயாரிப்பு, எம்.ஐ.-17 வி5. இரட்டை எஞ்சின் கொண்டது. பெரிய தலைவர்களை ஏற்றிச் செல்ல வழக்கமாகப் பயன்படுத்தும் ரகம்.

11.48-க்குக் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. இறங்க ஏழு நிமிடம்தான் பாக்கி. மறுநாள் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்ன கணக்கு இது.

விழுந்த இடம் காட்டேரி பக்கத்தில் நஞ்சப்பசத்திரம் என்கிற சின்ன குடியிருப்பு. சத்தம் கேட்டு முதலில் ஓடினது அந்த ஊர் மக்கள். தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள குடத்துலயும் வாளியிலயும் தண்ணி கொண்டு போனாங்க. ஸ்ட்ரெச்சர் இல்லை. வீட்டுல இருந்த போர்வையையும் பெட்ஷீட்டையும் எடுத்துட்டு வந்து அடிபட்டவங்களைத் தூக்கினாங்க. பிறகு அந்த ஊரை ராணுவம் ஒரு வருஷத்துக்குத் தத்தெடுத்துக்கொண்டது. மாதம் ஒருமுறை மருத்துவர்கள் அங்கே வருவார்கள் என்று அறிவித்தது.

ஹெலிகாப்டரில் இருந்தது 14 பேர். செய்தியில் ஒரு பெயரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம். அதனால எல்லாப் பெயரையும் ஒருமுறை வாசிச்சுடறேன்.

ஜெனரல் பிபின் ராவத். அவர் மனைவி மதுலிகா ராவத். பிரிகேடியர் எல்.எஸ். லிடர். லெப்டினன்ட் கர்னல் ஹர்ஜிந்தர் சிங். ஹெலிகாப்டரை ஓட்டிய விங் கமாண்டர் பிருத்வி சிங் சவுகான். துணை விமானி ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். ஜூனியர் வாரண்ட் அதிகாரிகள் ராணா பிரதாப் தாஸ், பிரதீப். ஹவில்தார் சத்பால் ராய். நாயக் குர்சேவக் சிங், நாயக் ஜிதேந்தர் குமார். லான்ஸ் நாயக் விவேக் குமார், லான்ஸ் நாயக் சாய் தேஜா. இந்த 13 பேரும் அன்றைக்கே இறந்தார்கள். பதினான்காவது ஆள் குரூப் கேப்டன் வருண் சிங். தீக்காயத்தோடு ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15-ஆம் தேதி பெங்களூரில் இறந்தார்.

பிரதீப் நம்ம பக்கத்து கேரளா, திருச்சூர்க்காரர். சாய் தேஜா பக்கத்து சித்தூர் மாவட்டம். பல உடல்களை அடையாளம் காண டி.என்.ஏ. பரிசோதனை வரைக்கும் போக வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்கள் இறப்புக்கு ஒருமுறை, உடலுக்கு ஒருமுறைன்னு ரெண்டு தடவை காத்திருந்தாங்க.

ஆறு மணி நேரம்

இப்போ அந்த 12.08-ஐத் திரும்ப நினைச்சுப் பாருங்க. ராவத் இறந்துவிட்டார் என்று விமானப்படை அதிகாரபூர்வமாக அறிவித்தபோது மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. நடுவில் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் நாடு சும்மா இருக்கல.

"உயிரோட இருக்காராம்." "அப்பவே போயிட்டாராம்." "இது விபத்தே இல்லையாம்." இந்த 'ஆம்' போட்டு வர்ற வாக்கியங்களைக் கவனிங்க. யார் சொன்னதுன்னு இருக்காது. என் ஃபோனுக்கு மட்டும் அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாலு விதமான கதை வந்தது.

அடுத்த நாள் ஒரு வீடியோ பரவியது. நீலகிரி மலை ரயில் தண்டவாளத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்தது. ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் போகிறது. சத்தம் மாறுகிறது. நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன ஆச்சு என்று ஒரு குரல் கேட்கிறது. சில விநாடிதான். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பெரிசு பண்ணிப் பார்த்து, அவரவர் ஒரு விளக்கம் சொன்னாங்க. கடைசியில் அந்த ஃபோனையே காவல்துறை தடயவியல் சோதனைக்கு வாங்கிக்கொண்டது.

அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 2020 ஜனவரி 2-ஆம் தேதி, தைவான் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஷென் யி-மிங் இதே மாதிரி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். ரெண்டையும் ஒரு கோட்டில் இணைத்துப் போட்ட பதிவுகள் வந்தன. விபத்தை வைத்து ட்விட்டரில் கருத்துப் போட்ட ஒரு யூடியூபர் தமிழ்நாட்டில் கைதானார். சில நாளிலேயே அந்த வழக்கை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. டிசம்பர் 10 அன்று விமானப்படையே ஒரு வேண்டுகோள் விடுத்தது: முப்படை விசாரணை தொடங்கிவிட்டது, உண்மைகள் வெளிவரும், இறந்தவர்களின் கண்ணியத்துக்காக அதுவரை ஊகங்களைத் தவிருங்கள் என்று.

வேண்டுகோள் நியாயமானதுதான். ஆனா துக்கத்துல இருக்கிறவங்களை "கேள்வி கேக்காதீங்க"ன்னு எவ்வளவு நாள் நிறுத்தி வைக்க முடியும்? வெலிங்டனில் இருந்து சூலூருக்கு உடல்கள் போன வழி முழுக்க மக்கள் நின்று ஆம்புலன்ஸ் மேல் பூ தூவினார்கள். அந்த ஜனங்கள்ல முக்கால்வாசிப் பேர் ராவத்தை நேர்ல பார்த்ததே கிடையாது. அவங்க அழுததும் நிஜம், வீட்டுக்குப் போய் "இது எப்படிப்பா நடக்கும்?"னு கேட்டதும் நிஜம். ரெண்டும் ஒரே இடத்துல இருந்துதான் வருது.

எம்டன் வந்த ராத்திரி

பதில் இல்லாத இடத்துல கதை எப்படி வந்து உட்காரும்னு சொல்ல, நம்ம துறைமுகத்துக்கிட்டேயே ஒரு பழைய சாட்சி இருக்கு.

1914 செப்டம்பர் 22, இரவு. முதல் உலகப் போர் தொடங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மொத்தத் தாக்குதலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கப்பல் இருட்டுக்குள் போய்விட்டது.

ஆனா ஊருக்குள்ள அது முடியவே இல்லை. மறுபடி வருது, இந்தத் தடவை ஊரையே அழிக்கப் போகுதுன்னு பேச்சு கிளம்பியது. ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். கப்பலோ திரும்பி வரவே இல்லை. நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் தீவுகள் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு ஒழிந்தது.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்கிற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கதை சாகல. இன்னைக்கும் ஒருத்தன் தந்திரக்காரனா இருந்தா "சரியான எம்டன்டா"ன்னு சொல்றோம். அரை மணி நேர பயம் ஒரு மொழிக்குள்ள ஒரு வார்த்தையாவே தங்கிடுச்சு.

வாட்ஸ்அப் வந்துதான் ஜனங்க கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். 1914-ல ஃபோன் எத்தனை பேர் வீட்டுல இருந்திருக்கும்? வதந்திக்கு ஃபோன் தேவையில்லை. பயமோ துக்கமோ ஒண்ணு இருக்கணும், நம்பகமான தகவல் இல்லாம இருக்கணும். அவ்வளவுதான்.

நல்லமலைக் காட்டில் ஒரு நாள்

அடுத்தது நானே பார்த்த ஒண்ணு. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய. எங்க பக்கத்து வீட்டு அத்தையும் தெலுங்குதான். 2009 செப்டம்பர் 2, நான் ஸ்கூல் விட்டு வந்தப்போ அவங்க வீட்டு டிவி முன்னால தெருவே உட்கார்ந்திருந்தது. ஆந்திர முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டரைக் காணோம்.

ஐதராபாத் பேகம்பேட்டையில் இருந்து காலையில் சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பியவர். ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு போய்விட்டது. கீழே நல்லமலைக் காடு, மேலே மழை. இஸ்ரோ, விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ், காட்டைத் தெரிந்த பழங்குடி மக்கள் எனப் பெரிய தேடல். மறுநாள் காலையில் கர்நூலுக்குக் கிழக்கே ஒரு மலையுச்சியில் சிதறிக் கிடந்தது பெல் 430 ஹெலிகாப்டர். முதல்வர், அவர் செயலர், பாதுகாப்பு அதிகாரி, ரெண்டு விமானிகள், ஐந்து பேரும் இறந்திருந்தார்கள்.

அத்தை ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்கல. அந்தச் செய்தியின் அதிர்ச்சியிலும் தற்கொலையிலும் ஆந்திராவில் நூறு பேருக்கு மேல் இறந்ததாக ஊடகங்கள் எழுதின. அந்த எண்ணிக்கை சரியா என்று கேட்டவர்களும் உண்டு. துக்கம் எவ்வளவு பெரிசா இருந்ததுங்கறதுல மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நாலு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் எந்த ஆதாரமும் இல்லாமல் வந்த ஒரு சதிக் கதையை ஒரு தெலுங்குத் தொலைக்காட்சி எடுத்து ஒளிபரப்பியது. அந்த இரவிலேயே, கதையில் பெயர் வந்த ஒரு பெரிய நிறுவனத்தின் கடைகளை ஆந்திரா முழுக்கக் கூட்டம் அடித்து உடைத்தது. ஒளிபரப்பிய செய்தியாளர்கள் கைதானார்கள்.

விசாரணைக் குழு பிறகு சொன்னது என்ன? எண்ணெய் அழுத்தம் பற்றிய ஒரு எச்சரிக்கை வந்தது. விமானிகள் ஆறு நிமிடத்துக்கும் மேல் அவசரக் கையேட்டில் அதற்கான வழிமுறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மோசமான வானிலையைப் பார்த்தும் திரும்பாமல் அதற்குள் போனார்கள். கீழ்நோக்கி அழுத்தும் கடுமையான காற்றில் ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழந்து, மிக வேகமாக இறங்கி மோதியது.

அத்தைகிட்ட இதை நான் பின்னாடி சொல்லிப் பார்த்தேன். அவங்க நம்பல. "அவ்ளோ பெரிய மனுஷன், ஒரு மேகத்துக்குச் செத்தாரா?"ன்னாங்க.

அந்தக் கேள்வியை நான் கேலி பண்ண மாட்டேன். நமக்குப் பெரியவரா தெரியுற ஒருத்தர் செத்தா, காரணமும் அதே அளவுக்குப் பெரிசா இருக்கணும்னு மனசு கேக்குது. மழை, மேகம், ஒரு கையேட்டுப் பக்கம்னு சொன்னா, இறந்தவரையே சின்னதாக்கிட்ட மாதிரி இருக்கு. சதின்னா ஒரு எதிரியாவது கிடைக்கிறான்.

காது சொல்லும் பொய்

குன்னூருக்குத் திரும்புவோம். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையிலான முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரி 14-ஆம் தேதி வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியம் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது. விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர், கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, தெரியாமல் மலையில் மோதியது.

திசையுணர்வு குழம்புதல்னா என்ன? நம்ம உள்காதுல திரவம் நிரம்பின சின்னச் சின்ன வளையங்கள் இருக்கு. நாம திரும்புறோமா, சாயுறோமான்னு மூளைக்குச் சொல்றது அதுதான். ஆனா மெதுவா ஒரே சீரா திரும்பிக்கிட்டே இருந்தா, கொஞ்ச நேரத்துல அந்தத் திரவம் அடங்கிடும். நேரா போறோம்னு காது சொல்லும். வழக்கமா கண்ணு அந்தப் பொய்யைக் கண்டுபிடிச்சுடும், அடிவானமோ தரையோ தெரியுமே. மேகத்துக்குள்ள கண்ணுக்கு வேலை இல்லை. வெள்ளையா ஒரு சுவரு. அப்போ கருவி மட்டும்தான் துணை.

காசிமேட்டுல விசைப்படகு ஓட்டின ஒரு பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிச்சார். "மார்கழிப் பனியில எங்களுக்கும் அதான்பா. மனசு கரை இந்தப் பக்கம்னு அடிச்சுச் சொல்லும். காம்பஸ் அந்தப் பக்கம்னு காட்டும். மனச நம்புனவன் நடுக்கடலுக்குப் பூடுவான்"னார். அப்புறம் ஒண்ணு சேர்த்துக்கிட்டார்: "நாங்களாவது எஞ்சின நிறுத்திட்டு வெடியிற வரைக்கும் மெதக்கலாம். அவங்க எங்க நிறுத்துவாங்க?"

இதே குழப்பம் உலகத்தையே அழவைத்த இன்னொரு விபத்திலும் இருந்தது. 2020 ஜனவரி 26, கலிபோர்னியாவின் கலபாசஸ் மலைச்சரிவு. கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட், அவருடைய 13 வயது மகள் ஜியானா உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். மேகத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருப்பதாக விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் உண்மையில் இடதுபக்கம் சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அஞ்சே மாதத்தில் 1,700 பக்கத்துக்கும் மேலான ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 2021 பிப்ரவரி 9 அன்று, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கூட்டம் நடத்தி முடிவைச் சொன்னது. விமானி மேகத்துக்குள் போகத் தீர்மானித்ததும் திசையுணர்வு குழம்பியதும் காரணம் என்றது. அதோடு நிறுத்தவில்லை. ஏன் போனார்? முக்கியமான பயணியை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் இருந்திருக்கலாம் என்றது. அந்த நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு போதவில்லை என்றும் எழுதியது.

இரண்டு வார்த்தை

நம்ம பக்கம் என்ன நடந்தது? குன்னூர் விசாரணையின் சுருக்கம்தான் வெளியே வந்தது. பரிந்துரைகள் செய்யப்பட்டிருக்கின்றன, அவை பரிசீலனையில் இருக்கின்றன என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. முழு அறிக்கையை மக்கள் பார்க்கல. மூணு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் ஒரு பட்டியல் வந்தது. 2017 முதல் 2022 வரையிலான திட்ட காலத்தில் விமானப்படைக்கு 34 விபத்துகள். அதில் 8.12.2021 என்ற தேதிக்கு எதிரே, எம்.ஐ.-17 வி5, காரணம்: மனிதத் தவறு, விமானப் பணியாளர்.

ராணுவ விசாரணையை முழுசா வெளியிட முடியாததுக்குக் காரணம் இருக்குங்கறது எனக்குப் புரியுது. பாதுகாப்பு ரகசியங்கள் இருக்கும். தண்டனை பயமில்லாமல் சாட்சி சொன்னால்தான் உண்மை வரும். ஆனா ரகசியம் தொடாத கேள்விகளும் இருக்கே? வெலிங்டன்ல அந்த நேரத்து வானிலை பற்றி விமானிக்கு என்ன தகவல் போனது? இவ்வளவு பெரிய பதவியில் இருக்கிறவர் பின்னால உட்கார்ந்திருக்கும்போது, "திரும்பிடலாம் சார்"னு சொல்றது ஒரு விமானிக்கு எவ்வளவு சுலபம்? அடுத்த தடவை அந்தப் பள்ளத்தாக்குல பறக்கிறவங்களுக்கு எது மாறியிருக்கு? 'மனிதத் தவறு'ங்கிற ரெண்டு வார்த்தை இந்தக் கேள்விகளை ஆரம்பிச்சு வைக்கணும். நம்ம ஊர்ல அது கதவைச் சாத்துற வார்த்தையா ஆயிடுது.

ராவத் வீட்டுலயும் துக்கம், சவுகான் வீட்டுலயும் துக்கம். ஆனா விமானியின் குடும்பம் அந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்துச் சுமக்கணும். அது எப்படி இருக்கும்னு எங்க வீட்டுக்குக் கொஞ்சம் தெரியும்.

இப்போ ஆயா கேட்ட கேள்விக்கு வர்றேன்.

டிசம்பர் 9. டிவியில நஞ்சப்பசத்திரத்து ஆள் ஒருத்தர் பேட்டி கொடுத்துக்கிட்டு இருந்தார். அடிபட்டுக் கிடந்தவர்கள்ல ஒருத்தர் தண்ணி கேட்டார், பிறகு ஃபோட்டோவைக் காட்டினப்போதான் அவர் ராவத்னு தெரிஞ்சதுன்னு சொன்னார். ஆயா டிவியைப் பார்த்தபடியே சொன்னாங்க: "அந்த அம்மா வூட்டாண்ட யாராவது போய்ச் சொல்வாங்க, தண்ணி கேட்டாருன்னு. நம்ம புள்ள தண்ணி கேட்டானா இல்லையான்னு எனக்கு யாரும் சொல்லலயேடா."

எங்க மாமா, அம்மாவோட தம்பி. 1999-ல செத்தார். எனக்கு அப்போ மூணு வயசு. எண்ணூர் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில கான்ட்ராக்ட் வேலை, டேங்க் கழுவுறது. நைட் ஷிஃப்டுக்குப் போனவர் காலையில உடம்பா வந்தார். "அவரே கவனமில்லாம உள்ள இறங்கிட்டார்"னு கான்ட்ராக்டர் ஆள் சொன்னானாம். கையில கொஞ்சம் பணம். ஒரு பேப்பர்கூட கிடையாது.

இறங்கச் சொன்னது யாரு? உள்ளே விஷவாயு இருக்கான்னு சோதிச்சாங்களா? இடுப்புல கயிறு கட்டினாங்களா? மேல ஒரு ஆள் நின்னாரா? அவர் விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு வெளியே தூக்கினாங்க? இத்தனை கேள்விக்கும் எங்களுக்குக் கிடைச்ச ஒரே பதில், கவனக்குறைவு. மனிதத் தவறுக்கு எங்க பக்கத்துப் பெயர் அது. இருபத்திரெண்டு வருஷம் ஆயாவுக்குத் தூக்கத்துல குத்தினது அந்த வார்த்தைதான். "என் புள்ள கவனமானவன்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

ராவத்தின் சாவையும் எங்க மாமா சாவையும் ஒரே தட்டுல வைக்கிறேன்னு நினைக்காதீங்க. ஒருத்தர் நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி, 17 குண்டு முழங்க அனுப்பி வைத்தார்கள். இன்னொருத்தர் பேர்கூட பேப்பர்ல வரல. ஆனா ரெண்டு இடத்துலயும் வீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க கேக்குறது ஒண்ணுதான்: கடைசியா என்ன நடந்தது? அவ்வளவு பெரியவருக்கே ஒரு பட்டியல்ல ஒரு வரிதான் பதில்னா, டேங்குக்குள்ள செத்தவனுக்கு யார் எழுதப்போறாங்க?

அதனாலதான் பெரிய மனுஷங்க விபத்துல கேள்வி கேட்குறது முக்கியம்னு நினைக்கிறேன். ஊரே பார்த்துக்கிட்டு இருக்கிற விபத்துல முழு பதில் சொல்லிப் பழகினாத்தான், யாரும் பார்க்காத விபத்துலயும் பதில் சொல்ற பழக்கம் வரும். கேள்வி கேட்குறது இறந்தவங்களை அவமதிக்கிறது இல்லை. அது அவங்களுக்கு நாம செய்ய வேண்டிய கடைசிக் காரியங்கள்ல ஒண்ணு. ஆனா கேள்வியை சரியான இடத்துல கேட்கணும். ஃபார்வர்டு பண்றது கேள்வி இல்லை. அந்தத் தெலுங்கு சேனலைப் பார்த்துட்டுக் கடையை உடைச்சவங்களுக்கு அந்த ராத்திரி ஒரு எதிரி கிடைச்சான், பதில் கிடைக்கல.

ஆயா அன்னைக்குச் சொன்னதுக்கு அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதினேன். 1999-ல இந்தப் பகுதியில நடந்த இந்த விபத்துக்கு விசாரணை நடந்ததா, அறிக்கை இருக்கான்னு கேட்டு, பத்து ரூபாய் கட்டி ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது. அவ்வளவு பழைய கோப்பு இப்போது இருப்பில் இல்லைன்னு ஒரு வரி.

அதை ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன். கோபப்படல, அழல. அந்தக் காகிதத்தை வாங்கி, மாமா ஃபோட்டோவுக்குப் பின்னால மடிச்சு வச்சாங்க. "கேட்டோம்ல?"ன்னாங்க. "கேட்டோம் ஆயா"ன்னேன்.

ஆயா 2023-ல போயிட்டாங்க. அந்தக் காகிதம் இன்னும் ஃபோட்டோவுக்குப் பின்னாலதான் இருக்கு.

உங்க வீட்டுலயும் இப்படிப் பதில் வராத ஒரு சாவு இருந்தா, அதைப் பற்றித் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வச்சுக்கோங்க. தேதி, இடம், கூட வேலை பார்த்தவங்க பேர். எவ்வளவு சின்ன விவரமா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.